அடைக்கலமாய் வந்த திருவோடு: மட்பாண்டக் கலையின் வரலாறும் நமது கடமையும்



திருவிழா நாளன்று தீச்சட்டி ஏந்தி வரும் அடியார்களை நாம் அனைவரும் கைகூப்பி வணங்குகிறோம். சட்டியினுள் எரியும் நெருப்பை அன்னையின் வடிவமாகவே போற்றுகிறோம். அதனை ஏந்திய கைகளின் நோன்பை எண்ணி வியக்கிறோம். ஆயினும், நெருப்புக்கும் கைக்கும் இடையே இருக்கும் அந்த மண்சட்டியைப் பற்றி நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. அது எந்த ஊர் மண்? யார் வனைந்தது? எத்தனை நாள் நிழலில் உலர்ந்தது? எந்தச் சூளையில் வெந்தது? இவ்வினாக்களை அடியேனும் நெடுங்காலம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய வேளை வந்தபோது, விடை சொல்லக் கூடியவர் தொழிலைக் கைவிட்டுவிட்டார். அந்த அனுபவமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது.

தில்லைக் குயவர்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரியபுராணம், நாயன்மார்கள் 63 பேரின் வரலாற்றை விரித்துரைக்கின்றது. அவர்களுள் திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு வனைந்து அளிப்பதையே தம் தொண்டாகக் கொண்டவர். தம் மனைவியார் திருநீலகண்டத்தின் மேல் இட்ட ஆணையை மீறாது, ஒரே இல்லத்தில் ஒருவரையொருவர் தீண்டாமல் இளமை கழிந்து முதுமை எய்தும் வரை வாழ்ந்தவர். இப்பகுதியை நாம் பலமுறை சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம்.

இவ்வரலாற்றில் அடியேன் உள்ளத்தை ஆட்கொண்டது மற்றொரு பகுதி. இறைவன் சிவயோகியாராக வந்து ஓர் ஓட்டை நாயனாரிடம் கொடுத்து, தாம் கேட்கும்போது திருப்பித் தருமாறு அடைக்கலமாக வைத்துச் சென்றார். நாள்கள் பல கழிந்தபின் வந்து கேட்டார். வைத்த இடத்தில் ஓடு இல்லை. மறைத்தவரும் அவரே என்பதை நாயனார் அறியார். உள்ளம் பதைத்து, அதனினும் நல்லதொரு புதிய ஓடு தருவதாக வேண்டினார். வாழ்நாளெல்லாம் ஓடு வனைந்த கைகளுக்கு இன்னொன்று வனைவது அரிதா? ஆனால் யோகியார் இசையவில்லை. பொன்னால் செய்து தந்தாலும் கொள்வதற்கில்லை, தாம் தந்த மண் ஓடே வேண்டும் என்று நின்றார். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் அவை வரை சென்றது. முடிவில் கணவனும் மனைவியும் ஒரு கோலின் இரு முனைகளைப் பற்றிக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது இளமை மீண்டது. சிதம்பரத்தில் உள்ள இளமையாக்கினார் கோயிலும் அதன் திருக்குளமும் இன்றும் அவ்வரலாற்றை நினைவூட்டி நிற்கின்றன.

நம் கையில் அடைக்கலமாகத் தரப்பட்ட ஒன்றை இழந்துவிட்டு, அதற்கு ஈடாக வேறொன்றைத் தருகிறோம் என்று சொன்னால் அது ஏற்கப்படுமா? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு மட்பாண்டத்தின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

மண்ணில் எழுதிய வரலாறு

தமிழரின் தொன்மையை நமக்கு இன்று எடுத்துக் கூறும் முதன்மைச் சான்றுகளுள் மண் ஓடுகளும் அடங்கும். ஓலை மட்கிவிடும், மரம் உளுத்துவிடும், இரும்பு துருவேறிப் போகும். சுட்ட மண் மட்டும் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் மாறாது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் மிகப் பலவாகக் கிடைத்தன. இறந்தாரைத் தாழியில் இட்டுப் புதைத்த அவ்வழக்கத்தைச் சங்க இலக்கியமும் அறியும். சோழ மன்னன் மறைந்தபோது, அவனுக்கேற்ற தாழியை உன்னால் வனைய இயலுமா என்று குயவனை நோக்கி வினவுவதாக ஐயூர் முடவனார் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. பேரரசனின் பெருமையை அளக்கப் புலவர் நாடியது ஒரு குயவனின் சக்கரத்தை என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

வைகைக் கரையில் கீழடியில் நடைபெற்ற அகழாய்வு பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள குடியிருப்பின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டு செல்கின்றது. தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்ட ஓடுகள் 50க்கும் மேற்பட்டவை அங்குக் கிடைத்துள்ளன. அரசர்கள் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் போலன்றி, இவை வீட்டுப் பாண்டங்களின் மேல் எளிய மக்கள் கீறிய எழுத்துகள். தமிழர் பரவலாக எழுத்தறிவு பெற்றிருந்தனர் என்று ஆய்வாளர் கருதுவதற்கு இவ்வோடுகளே துணை நிற்கின்றன.

இச்செய்தி தமிழகத்தோடு முடிந்துவிடவில்லை. நாம் வாழும் இத்தீபகற்பத்தின் மேற்குக் கடலோரத்திலேயே, தாய்லாந்தின் ரானோங் மாநிலத்தில் பூ காவ் தோங் என்னும் இடத்தில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்ததாக 2006இல் அறிவிக்கப்பட்டது. அதன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என மதிப்பிடப்பட்டுள்ளது. யாரோ ஒரு தமிழன், கடல் கடந்து வந்தபோது, தன் பானையையும் கொண்டு வந்திருக்கிறான்.

நம் ஊர்ப் பக்கமே திரும்பிப் பார்ப்போம். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, கெப்பாலா பத்தாசுக்கு அருகில் உள்ள குவார் கெப்பாவில், பழங்கால மக்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் மேடுகளாகக் குவிந்து கிடந்தன. 1860இலேயே அங்கு ஆய்வு தொடங்கிற்று. 2017இல் அங்குக் கிடைத்த எலும்புக்கூட்டிற்குப் 'பினாங்குப் பெண்' என்று பெயரிட்டனர். 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த மேடுகளிலும் மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன. ஆகவே, செபராங் பிறை மண்ணில் பானை வனைதல் நம் முன்னோர் வந்து இறங்குவதற்கு மிக முன்னரே இருந்த கலை.

1834இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி இதே செபராங் பிறைப் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் தன் கடற்பயணம் இனிது நிறைவேற வேண்டிப் பொறித்தது. இப்போது அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. அவன் தன் ஊராகக் குறிப்பிடும் பெயர் இரக்தமிருத்திகை. அதன் பொருள் செம்மண் என்பதாகும். நம் வட்டாரத்தில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, செம்மண்ணின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து வந்த மனிதனுடையது என்பது மகிழ்வூட்டும் பொருத்தமன்றோ!

கோயிலும் வேளாரும்

தமிழகத்தில் குயவர் குலத்தாரை வேளார் என்று அழைப்பர். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை முதலிய வட்டாரங்களில் ஐயனார் கோயில்கள் பலவற்றில் வேளாரே பூசாரியாகவும் விளங்குகின்றார். தெய்வத் திருமேனியை மண்ணால் சமைப்பவரும் அவரே. அதற்குக் கண் திறப்பவரும் அவரே. முதற் பூசை செய்பவரும் அவரே.

அங்கே 'புரவி எடுப்பு' என்னும் விழா நடைபெறும். ஐயனாருக்கு மண்குதிரைகளைச் செய்து ஊர்வலமாகக் கொண்டு சென்று கோயிலில் நிறுத்துவர். அவ்விழா சக்கரத்திலோ சூளையிலோ தொடங்குவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் முறைப்படி வழங்குவர். இதற்குப் 'பிடிமண் கொடுத்தல்' என்று பெயர். அம்மண்ணைப் பெற்றுக்கொண்ட பின்னரே வேளார் வேலையைத் தொடங்குவார். ஊரார் ஒருங்கிணைந்து, இதோ எங்கள் மண், எங்கள் தெய்வத்துக்குரியதை இதிலிருந்து சமைத்துத் தாரும் என்று வேண்டிக்கொள்ளும் சடங்கு அது. கலைஞனுக்கும் ஊருக்கும் இடையிலான உடன்படிக்கை ஒரு பிடி மண்ணில் எழுதப்பட்டிருந்தது.

பானை வனைதல் எளிய தொழில் என்று கருதுவோர் உளர். உண்மை அதுவன்று. குளத்துக் களிமண்ணைக் கல்லும் வேரும் நீக்கி ஊறவைத்து, அளவாக மணல் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். மணல் குறைந்தால் உலரும்போது வெடிக்கும். மிகுந்தால் சக்கரத்தில் எழும்பாது. அந்த அளவை எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. பாதமே அதனை அறியும். சக்கரத்தில் எழுப்பிய கலத்தை நூலால் அறுத்து எடுக்கும்போது அதற்கு அடிப்பாகம் இராது. சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் மெல்லத் தட்டித் தட்டி அடியை மூடுவர். கனத்த சுவர் மெலிந்து, வயிறு பருத்து, கலம் பானையாவது அப்போதுதான். அந்தத் தட்டலின் ஓசையைக் கேட்டே சுவர் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று அறிவர்.

பின்னர் நெருப்பு. உலர்ந்த மண்ணை நீரில் இட்டால் கரைந்து மீண்டும் சேறாகும். ஆனால் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசைக் கடக்கையில், மண்ணின் உட்கூற்றில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அது மீண்டும் சேறாகாது. நாட்டுச் சூளையில் வைக்கோலும் விறகும் தேங்காய் மட்டையும் கொண்டு 700 முதல் 900 பாகை வரை சூடேற்றுவர். காற்றோட்டம் இருந்தால் மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவப்பாகும். காற்றை அடைத்துப் புகையச் செய்தால் கருமையாகும். பழந்தமிழரின் கறுப்பு சிவப்புப் பானைகள் இந்நுட்பத்தை அறிந்தவர் ஆக்கியவையே. இவ்வெப்பத்தில் வெந்த பானையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போதுதான் பானைத் தண்ணீர் குளிர்கின்றது.

மலைநாட்டில் மண்கலம்

இந்நாட்டிலும் மட்பாண்டக் கலைக்கு வளமான மரபு உண்டு. பேராக் மாநிலத்தில் கோலகங்சாரை அடுத்த சாயோங் பகுதியில் மலாய் மக்கள் சுரைக்காய் வடிவில் செய்யும் 'லாபு சாயோங்' நீர்க்கலம் புகழ் பெற்றது. சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு நெல் உமியில் இட்டுக் கருமையூட்டுவர். கிளந்தானின் மம்போங் ஊரில் பெண்கள் சக்கரமின்றியே பலகையால் தட்டிப் பாண்டம் செய்து வந்தனர். சீனர்கள் மலைச்சரிவில் நீண்ட பாம்பு போல் கட்டிய 'டிராகன்' சூளைகளில், பளபளக்கும் மேற்பூச்சுடைய சாடிகளைச் சுட்டனர்.

அச்சூளைகளுக்கும் நம் மக்களுக்கும் நெருங்கிய தொடர்பு ஒன்றுண்டு. இரப்பர்த் தோட்டங்களில் பால் சேகரிக்க மரத்திற்கு மரம் கட்டிய 'மங்கு' பலவும் சீனக் குயவர் சுட்ட மண்கலங்களே. விடியற்காலையில் நம் பாட்டியும் தாத்தாவும் எண்ணற்ற மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பால் எடுத்தனர். தோட்டத்துத் தமிழரின் வியர்வையும் சீனக் குயவரின் நெருப்பும் ஒரு கிண்ணத்தில் சந்தித்தன. பின்னர் நெகிழிக் கிண்ணம் வந்தது. மங்குச் சூளைகள் அணைந்தன.

நம் மக்களும் வனையும் தொழிலை உடன் கொண்டு வந்தனர். சிலாங்கூர் மாநிலத்தில், குறிப்பாகக் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தமிழ்க் குடும்பங்கள் சில தலைமுறை தலைமுறையாகப் பானையும் சட்டியும் அகலும் செய்து வந்துள்ளன. பொங்கல் பானை, கார்த்திகை அகல், தீச்சட்டி, திருமணத்து அரசாணிப் பானை, முளைப்பாலிகைக் கிண்ணம், இறுதிச் சடங்கில் தோளில் உடையும் நீர்க்குடம் என நம் வாழ்வின் தொடக்கம் முதல் முடிவு வரை தேவைப்படும் கலங்கள் அத்தகைய கைகளிலிருந்து நமக்கு வந்தன.

அடியேன் செய்த பிழை

இனிச் சொல்லப் போவது பெருமைக்குரிய செய்தியன்று. 2012ஆம் ஆண்டில் ஆலயத்திற்குப் பொருள் வாங்கும் பொறுப்பு அடியேனிடம் இருந்தது. கூட்டுப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் சிலாங்கூரிலிருந்து முதிய குயவர் ஒருவர் லாரியில் பானைகளை அனுப்பி வந்தார். அவ்வாண்டு 54 பானைகள் வந்தன. அவற்றுள் ஒன்பது வழியிலேயே உடைந்திருந்தன. விலையும் சற்று ஏறியிருந்தது. அரசு அலுவலகத்தில் கணக்கும் கோப்புமாகப் பழகியவன் அடியேன். அலுமினியப் பானைகளை ஒருமுறை வாங்கினால் பத்தாண்டுகள் பயன்படுத்தலாம், உடைசல் இல்லை, செலவு மிச்சம் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கூட்டத்தில் வைத்தேன். அனைவரும் பாராட்டினர். தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அந்த முதியவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அவர் ஒரு குறையும் கூறவில்லை; சரி ஐயா என்று மட்டும் சொன்னார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆலயச் சடங்கொன்றுக்கு முளைப்பாலிகைக் கிண்ணங்கள் தேவைப்பட்டன. சிவாச்சாரியார் மண்கலமே வேண்டும் என்றார். பழைய எண்ணைத் தேடி அழைத்தேன். அவர்தம் துணைவியார் பேசினார். கணவர் சக்கரத்தைத் தொட்டு இரண்டு ஆண்டுகள் ஆயின என்றும், கேட்பார் குறைந்ததால் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டனர் என்றும் அமைதியாகச் சொன்னார். மனம் கேளாமல் ஒரு விடுமுறை நாளில் நேரில் சென்றேன். பெரியவர் அன்போடு வரவேற்றுத் தேநீர் தந்தார். வீட்டின் பின்புறம் சக்கரம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. தம் தகப்பனார் காலத்துத் தட்டுப்பலகையை எடுத்துக் காட்டினார். மூன்று தலைமுறைகள் தட்டியதால் அதன் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஏன் கற்றுத் தரவில்லை என்று கேட்டேன். வாங்குவோர் இல்லாத தொழிலை எப்படி நம்பிக் கற்றுக்கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். பிள்ளைகள் விரும்பாவிடில் வேறு யாருக்கேனும் கற்பித்திருக்கலாமே என்றேன். இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொடுங்கள் என்று வெளியார் ஒருவரும் வந்து கேட்டதில்லை என்றார்.

அடியேன் மிச்சப்படுத்திக் கொடுத்த தொகை சில நூறு வெள்ளி. அதற்கு ஈடாகச் சென்றது என்ன என்பதை அந்தக் குழிந்த பலகையே சொல்லிற்று. அடியேன் ஒருவனால் அத்தொழில் நின்றதென்று கூறவில்லை. ஆயினும், நின்றுபோன காரணங்களுள் என் பட்டியலும் ஒன்று.

புதுச்சேரியில் கண்ட மறுபக்கம்

2018இல் குடும்பத்தோடு தமிழகத் திருத்தலப் பயணம் மேற்கொண்டேன். சிதம்பரத்தில் ஆடலரசனை வணங்கி, இளமையாக்கினார் கோயில் குளக்கரையிலும் சற்று நின்றேன். அங்கிருந்து கடலோரமாகப் புதுச்சேரி சென்றோம். அந்நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு செய்து, உரோமானியர் மதுச் சாடிகளின் துண்டுகளையும், உட்புறத்தில் சக்கரக் கோலம் பொறித்த நேர்த்தியான தட்டுகளையும் வெளிக்கொணர்ந்தார். அத்தகைய பழம்பெரும் மட்பாண்ட மண்ணிலேயே நம் காலத்தில் ஒரு புதிய வரலாறும் நிகழ்ந்திருக்கிறது.

புதுச்சேரிக் கடைகளில் மங்கிய நீலமும் பழுப்பும் பச்சையுமாக உறுதியான கிண்ணங்களும் தேநீர்க் கலங்களும் வரிசையாக இருந்தன. அவை நம் நாட்டுப் பானை போன்றவை அல்ல. தட்டினால் மணி போல் ஒலித்தன. விசாரித்தபோது அவற்றின் மூலம் தெரிய வந்தது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் அந்நகரில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்னும் சிறிய மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினர். டெபோரா ஸ்மித் ஜப்பானில் இக்கலையைப் பயின்றவர். மீக்கர் கட்டடக் கலையும் மட்பாண்டக் கலையும் கற்றவர். சூளை அமைக்கும் திறன் மிக்கவர்.

அவர்கள் கையாண்டது உயர்வெப்பக் கல்மண் பாண்ட முறை. ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுடுவது. சாதாரணச் செம்மண் அவ்வெப்பத்தைத் தாங்காது சாய்ந்துவிடும். தீக்களிமண்ணையும் வெண்கல்லையும் பிற கனிமங்களையும் அளந்து கலக்க வேண்டும். கனிமப் பொடியும் சாம்பலும் கலந்த மேற்பூச்சு அவ்வெப்பத்தில் உருகிக் கண்ணாடி போல் படியும். அப்பாண்டம் நீரை உறிஞ்சாது. தென்னாட்டில் பெரிதும் வேரூன்றாத முறை அது.

ஆனால் அடியேன் வியந்தது அவர்தம் வெப்ப அளவைக் கண்டு அன்று. அவர்கள் தம் நுட்பத்தைப் பூட்டி வைக்கவில்லை. உள்ளூர் இளைஞர்களை வேலைக்கு அமர்த்திக் கற்பித்தனர். பின்னர் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டனர். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி, மண் பிசைவது முதல் சூளை அடுக்குவது வரை பயின்று சென்றனர். அவர்களுள் பலர் சொந்தக் கூடம் அமைத்தனர். சிலர் அருகில் உள்ள ஆரோவில்லிலேயே தங்கித் தொழில் செய்தனர். கூடத்தில் வேலை பார்த்துப் பழகிய உள்ளூர்த் தொழிலாளர்களும் தனித்துச் சென்று தாமே முதலாளிகள் ஆயினர். ஒரு சிறு கூடத்திலிருந்து 'புதுச்சேரிப் பாண்டம்' என்று பெயர் சொல்லும்படி ஒரு தொழிலே கிளைத்துப் பரவிற்று.

வணிகக் கண்கொண்டு பார்த்தால் இது இழப்பு. கற்றவன் எதிரே கடை வைப்பான். விலை குறைத்து விற்பான். அந்த இடர்ப்பாடு அங்கும் இல்லாமலில்லை. எனினும், ஒரு கூடம் என்றேனும் மூடப்படலாம். நூறு கைகளில் பரவிய கலையை மூட இயலாது. நம் முதியவரின் கலை ஒரு வீட்டில் இருந்தது. அவ்வீட்டில் நின்றதும் அங்கே முற்றும் நின்றது. புதுச்சேரியில் கலை பல வீடுகளுக்குச் சென்றது, ஆகவே வாழ்கின்றது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மீக்கர் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கி மற்றொரு முயற்சியிலும் ஈடுபட்டார். பச்சைச் செங்கல்லால் வீட்டைக் கட்டி, அதனுள் சுட வேண்டிய செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீமூட்டுவார். உள்ளிருந்த பொருள்களும் வேகும். வீட்டின் சுவரும் வெந்து உறுதிப்படும். எரிபொருட் செலவும் பிற சிக்கல்களும் இருந்தமையால் அம்முறை பெருவழக்கு ஆகவில்லை. ஆயினும், நம் வேளார்கள் பெரிய ஐயனார் குதிரையை நின்ற இடத்திலேயே சுற்றிச் சூளை எழுப்பிச் சுடும் வழக்கத்தை அறிந்தவர்க்கு, இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

அயலார் மட்டுமே இதனைச் செய்தனர் என்று எண்ணிவிடலாகாது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அவ்வூரைச் சேர்ந்த வி. கே. முனுசாமி, பரம்பரையாக மண்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தம் சுடுமண் சிற்பங்களால் புகழ் பெற்று, பிறருக்கும் பயிற்சியளித்து வந்த அவருக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. குலத்தொழிலைக் குலத்திற்கு வெளியேயும் கொடுப்பதால் அதன் பெருமை குறையவில்லை, உயர்ந்தது.

நாம் செய்யத் தக்கவை

நம் ஆலயம் பெரிய கலைக்கூடம் அமைக்க வேண்டும் என்று அடியேன் கூற வரவில்லை. நம் ஆற்றலுக்கு உட்பட்ட மூன்று செயல்களை மட்டும் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டு முழுவதற்கும் தேவையான அகல், சட்டி, பானை ஆகியவற்றைக் கணக்கிட்டு, இந்நாட்டில் இன்னும் சக்கரம் சுற்றும் குடும்பங்களிடம் ஓராண்டு முன்னதாகவே முன்பணத்தோடு கேட்டு வைப்பது. உறுதியான கேட்பு இருந்தால்தான் தந்தைக்கு மகனிடம் தொழிலை ஒப்படைக்கும் துணிவு வரும். உடையும் பானைகளின் விலையையும் நாமே ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் காணிக்கையே.

இரண்டாவது, பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரு குயவரை அழைத்து, நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஆலய மண்டபத்தில் பயிற்சி அளிப்பது. குழந்தைகள் அனைவரும் குயவர் ஆகமாட்டார்கள். ஆயினும், தன் கையால் ஓர் அகலைச் செய்து கார்த்திகையன்று ஏற்றிய குழந்தை, மண்கலத்தை மலிவான பொருள் என்று இனி ஒருபோதும் எண்ணாது.

மூன்றாவது, எஞ்சியுள்ள மூத்த கலைஞர்களின் செய்முறையைப் படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்வது. மண் எங்கே எடுப்பது, மணல் எவ்வளவு, எத்தனை நாள் உலர்த்துவது, சூளையில் எந்நேரம் காற்றை அடைப்பது என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பாதம் அறிந்ததை ஏடு முழுதும் அறியாது என்பது உண்மையே. ஆயினும் ஏடும் இல்லையேல் தேடுவோர்க்கு வழியே இல்லை.

முன்னர்க் கூறிய முதியவரிடம் மீண்டும் சென்றேன். அவருக்கு இப்போது சக்கரத்தில் அமர இயலவில்லை. வருவோர்க்கு அருகிலிருந்து சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தட்டுப்பலகையை எனக்குத் தர முன்வந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது தட்டத் தெரிந்த கைக்கு உரியது. அந்தக் கையை நாம் அவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

திருநீலகண்ட நாயனாரிடம் இறைவன் பொன் ஓடு கேட்கவில்லை. தந்த மண் ஓட்டையே கேட்டார். நம்மிடமும் முன்னோர் ஒன்றை அடைக்கலமாக வைத்துச் சென்றுள்ளனர். என்றேனும் நம் பேரப்பிள்ளைகள் வந்து அதனைக் கேட்கும்போது, அலுமினியப் பானையைக் காட்டி இது உடையாதது என்று சொல்வோமா? நாயனாருக்கு இழந்த இளமையை இறைவன் அருளால் மீட்டுக்கொள்ளும் பேறு கிட்டிற்று. நமக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. வரும் திருவிழாவில் நம் ஆலயத்தின் சார்பில் ஒரு பிடி மண் எடுத்து, இந்நாட்டின் ஒரு குயவர் கையில் முறைப்படி வைப்போம்.

எல்லாம் வல்ல அன்னையின் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக!